1938 ஏலத்தில் வாங்கிய நிலம்: ஒரு பாகப்பிரிவினை வழக்கும் மகளின் பங்கும்

அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 20 அன்று தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் எஸ். அப்துல் நசீர், கிருஷ்ண முராரி அமர்வு. தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றின் நிலத் தகராறு அது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு முன்பே இறந்துபோன தகப்பனின் சொத்திலும் மகளுக்கு உரிமை உண்டு என்ற ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு செய்தி எழுதினார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். ஒரு பெண்ணின் பங்கு சட்டத்தில் இருந்தும் எந்த இடத்தில் நழுவுகிறது என்று பார்க்க விரும்புவோர் இந்த வழக்கை அடிமுதல் படிக்க வேண்டும்.

வழக்கின் சங்கதி

அண்ணன் தம்பி இருவர், பாகம் பிரியாத குடும்பம். அவர்களில் ஒருவர் 1938-இல் நீதிமன்ற ஏலத்தில் தன் சொந்தப் பணத்தில் ஒரு நிலம் வாங்கினார். அவருக்கு ஆண் வாரிசு இல்லை, ஒரே மகள். மற்ற சகோதரருக்கு ஒரு மகன், நான்கு மகள்கள். நிலம் வாங்கியவர் உயில் எழுதாமல் இறந்தார். அவருடைய மகளும் 1967-இல் பிள்ளை இல்லாமல் இறந்தார். அதன்பின் நிலம் மற்ற சகோதரரின் ஒரே மகன் கைக்குப் போயிற்று. நான்கு சகோதரிகளில் ஒருவர், ஐந்தில் ஒரு பங்கு தனக்கு வேண்டும் என்று பாகப்பிரிவினை வழக்குப் போட்டார்.

இரு தரப்பும் மோதிக்கொண்டது ஒரு தேதியை வைத்து. நிலம் வாங்கியவர் இறந்தது 1957-இல் என்றார் வாதி. 1949-இல் என்றது எதிர்த்தரப்பு. எட்டு வருட வித்தியாசத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது 1956 ஜூன் 17. அதற்குப்பின் இறந்திருந்தால் மகள் முதல் வகுப்பு வாரிசு, பேச்சே இல்லை. அதற்கு முன் இறந்திருந்தால் மிதாட்சரம் என்ற பழைய இந்துச் சட்டம். அந்தச் சட்டத்தில் கூட்டுக் குடும்பச் சொத்து உயிரோடிருக்கும் ஆண் பங்காளிகளுக்குப் போய்ச் சேரும்; இதற்குப் பெயர் உயிர்பிழைப்பு உரிமை.

விசாரணை நீதிமன்றம் சாட்சியத்தை எடைபோட்டு, இறப்பு 1949-இல்தான் என்று முடிவுக்கு வந்தது. ஆகவே சொத்து உயிர்பிழைப்பு உரிமைப்படி சகோதரரின் மகனுக்கே, சகோதரிகளுக்கு வழக்குப் போடவே உரிமை இல்லை என்று 1994 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. சென்னை உயர் நீதிமன்றமும் 2009 ஜனவரியில் அதையே உறுதிசெய்தது.

கேட்காமல் விட்ட கேள்வி

இரண்டு நீதிமன்றங்களும் தேதியைச் சரியாகக் கண்டுபிடித்தன என்றே வைத்துக்கொள்ளலாம். உச்ச நீதிமன்றமும் அதில் கை வைக்கவில்லை. ஆனால் தேதிக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த நிலம் எந்த வகைச் சொத்து? 1938 ஏலத்தில் ஒருவர் தனியாக வாங்கியது, அதாவது சுயார்ஜிதம். இதை எதிர்த்தரப்பே மறுக்கவில்லை. குடும்பம் கூட்டாக இருக்கலாம், ஒரே அடுப்பில் சமைத்திருக்கலாம். அதனால் ஒருவர் சொந்தப் பணத்தில் வாங்கிய நிலம் குடும்பச் சொத்தாகிவிடாது. உயிர்பிழைப்பு உரிமை கூட்டுச் சொத்துக்கு மட்டுமே பொருந்தும். சுயார்ஜிதம் வாரிசுரிமைப்படிதான் இறங்கும். ஆண் பிள்ளை இல்லாதவருக்குப் பழைய சட்டத்தின் வாரிசு வரிசை விதவை, அடுத்து மகள். சகோதரரின் மகன் அதற்கெல்லாம் வெகு தூரம் பின்னால் வருகிறார்.

ஆக 1949 ஆனாலும் 1957 ஆனாலும் நிலம் மகளுக்கே போயிருக்க வேண்டும். அன்றைய சென்னை மாகாணத்தில் தகப்பனிடமிருந்து மகள் பெறுவது வரம்புக்குட்பட்ட உரிமைதான்; அனுபவிக்கலாம், இஷ்டத்துக்கு விற்க முடியாது. 1956 சட்டத்தின் 14-ஆம் பிரிவு அந்த வரம்பையும் எடுத்துவிட்டது. 1967-இல் அவர் பிள்ளை இல்லாமல் இறந்தபோது 15(2)(அ) பிரிவு வந்து நிற்கிறது: தாய் தகப்பனிடமிருந்து பெற்ற சொத்து, பிள்ளையில்லாத பெண் இறந்தால் தகப்பனின் வாரிசுகளுக்கே திரும்பும். அந்த வாரிசுகள் சகோதரரின் ஐந்து பிள்ளைகள். 1956-க்குப் பின் திறந்த வாரிசுரிமை என்பதால் அங்கே ஆண் பெண் பேதம் கிடையாது. ஆளுக்கு ஐந்தில் ஒன்று என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. கீழ் நீதிமன்றக் கணக்கில் மகனுக்கு முழுசு, நான்கு மகள்களுக்குச் சுழியம்.

மேல்முறையீட்டுக்காரர்கள் உயிரோடு இல்லாமல், அவர்களுடைய வாரிசுகளின் பெயரில்தான் இந்தத் தீர்ப்பு வந்தது. முதல் தள்ளுபடிக்கும் இதற்கும் இடையே 28 வருடம்.

சிவகங்கையில் தீர்ந்த சங்கதி

இதில் எரிச்சலூட்டும் விஷயம், சட்டம் புதியதே இல்லை. சுயார்ஜிதச் சொத்து கூட்டுக் குடும்பத்தில் இருந்தவருடையதானாலும் பங்காளிக்குப் போகாது, வாரிசுக்கே போகும் என்பதை அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1863-இலேயே சொல்லிவிட்டது. அந்த வழக்கும் தமிழ் மண்ணிலிருந்து போனதுதான். கட்டம நாச்சியார் சிவகங்கை ஜமீனுக்காக நடத்திய வழக்கு. 1801-இல் ஆங்கிலேயர் அவருடைய தகப்பன் கௌரி வல்லபருக்குக் கொடுத்த ஜமீன் அவருடைய தனிச் சொத்து என்றும், 1829-இல் அவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததால் அண்ணன் வழிக்குப் போகாமல் விதவைகளுக்கும் பின் மகளுக்கும் போக வேண்டும் என்றும் முடிவாயிற்று. இந்து சட்டப் பாடத்தில் முதல் வருடமே படிக்கும் வழக்கு. ஜமீனுக்குப் பொருந்திய சட்டம் ஒரு குடியானவர் ஏலத்தில் எடுத்த நிலத்துக்குப் பொருந்த மேலும் 159 வருடம் ஆகியிருக்கிறது.

ஏன் அப்படி? மகள் இருக்கும் வீட்டில் நிலத்தைக் கண்டதும் "பூர்வீகம்" என்று நினைக்கிற பழக்கம். பூர்வீகம் என்று ஒருமுறை மனதில் விழுந்துவிட்டால் அடுத்த கேள்வி ஆண் யார் என்பதாகத்தான் இருக்கும். இதற்குக் கெட்ட எண்ணம்கூட வேண்டியதில்லை. கிராமக் கணக்கர், பத்திரம் எழுதுபவர், வக்கீல், நீதிபதி எல்லோரும் ஒரே ஊகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தால் போதும்.

எட்டு ஏக்கர் கணக்கு

பூர்வீகச் சொத்திலேயே சட்டம் எப்படி மாறிவந்தது என்பதைக் கணக்காகப் போட்டால்தான் புரியும். தகப்பன், தாய், ஒரு மகன், இரண்டு மகள்கள். பூர்வீக நிலம் எட்டு ஏக்கர். தகப்பன் உயில் இல்லாமல் இறக்கிறார்.

1956 சட்டத்தின் பழைய 6-ஆம் பிரிவின்படி, இறப்பதற்கு ஒரு நொடி முன் பாகம் பிரிந்ததாக வைத்துக்கொள்வார்கள். பங்காளிகள் தகப்பனும் மகனும் மட்டுமே, ஆளுக்கு நான்கு ஏக்கர். தகப்பனின் நான்கு ஏக்கர் மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு ஏக்கர். முடிவில் மகனுக்கு 5, மகள்களுக்கு 1, 1, தாய்க்கு 1.

தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் மகளையும் பிறப்பாலேயே பங்காளி ஆக்கியது (1990-இன் 1-ஆம் சட்டம், 29-அ பிரிவு). பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டு அறுபது வருடம் கழித்து. ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. அக்காவுக்கு 1988-இல் கல்யாணம், தங்கைக்கு 1990-இல் என்றால் தங்கைக்கு மட்டும் பங்கு. இந்தக் கோணல் 2005 செப்டம்பர் 9 அன்று மத்தியத் திருத்தம் வந்தபோதுதான் நேரானது.

இன்று அதே எட்டு ஏக்கரில் பங்காளிகள் நால்வர்: தகப்பன், மகன், இரு மகள்கள், ஆளுக்கு 2 ஏக்கர். தகப்பனின் 2 ஏக்கர் நால்வருக்கு அரை அரை ஏக்கர். பிள்ளைகள் மூவருக்கும் தலா இரண்டரை ஏக்கர், தாய்க்கு அரை ஏக்கர்.

தாயின் பங்கைக் கவனியுங்கள். ஒரு ஏக்கர் அரை ஏக்கராகிவிட்டது. தென்னாட்டு வழக்கத்தில் கணவனும் பிள்ளைகளும் பாகம் பிரியும்போது மனைவிக்குத் தனிப் பங்கு கிடையாது. ஆகவே மகளுக்குக் கொடுத்ததில் ஒரு பகுதி விதவைத் தாயிடமிருந்துதான் வந்திருக்கிறது. சமத்துவம் பேசும் கூட்டங்களில் இதை யாரும் சொல்வதில்லை. சுயார்ஜிதமாக இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை, நால்வருக்கும் இரண்டிரண்டு ஏக்கர். எந்த வகைச் சொத்து என்ற கேள்வி தாய்க்கு ஒன்றரை ஏக்கர் பெறுமானமுள்ள கேள்வி.

2005 திருத்தத்திலும் ஒரு பள்ளம் இருந்தது. அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடு இருந்தால்தான் மகளுக்குப் பங்கு என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் பிரகாஷ் எதிர் பூலாவதி வழக்கில் சொன்னது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: உரிமை பிறப்பால் வருகிறது, தகப்பன் இருந்தாரா இறந்தாரா என்பது தேவையில்லை. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் தோற்று, முழுதாக முடிந்துபோன வழக்குகளுக்கு விமோசனம் இல்லை. இறுதித் தீர்ப்பாணை வராத வழக்குகளில் பங்கைத் திருத்திக் கேட்கலாம். விலக்கு ஒன்று மட்டும் நிற்கிறது: 2004 டிசம்பர் 20-க்கு முன் விற்றது, உயில் எழுதியது, பாகம் பிரித்தது செல்லும். வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம் என்று இன்று சொன்னால் சாதாரணமாக ஏற்க மாட்டார்கள். பாகப்பிரிவினை என்றால் பதிவு செய்த பத்திரம் அல்லது நீதிமன்றத் தீர்ப்பாணை.

பங்கு நழுவும் இடங்கள்

நீதிமன்றத்துக்கு வரும் வழக்குகள் கொஞ்சம். பெரும்பாலான பங்குகள் தாலுகா அலுவலகத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் இடையிலேயே காணாமல் போய்விடும்.

முதல் இடம் வாரிசுச் சான்றிதழ். தகப்பன் காரியம் முடிந்த கையோடு மகன் விண்ணப்பிப்பார். கல்யாணமாகிப் போன மகளின் பெயர் விண்ணப்பத்தில் இருக்காது. விசாரணைக்கு வரும் கிராம நிர்வாக அலுவலர் அக்கம்பக்கத்தில் கேட்பதும் உண்டு, வீட்டிலேயே கேட்டு எழுதிக்கொள்வதும் உண்டு. கல்யாணம் மகளை வாரிசுப் பட்டியலிலிருந்து நீக்குவதில்லை. பெயர் விடுபட்டது தெரிந்தால் வட்டாட்சியருக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைக்க வேண்டும். சான்றிதழ் உறவைக் காட்டும் காகிதமே, பங்கின் அளவை அது தீர்மானிக்காது. ஆனால் அடுத்து வரும் பட்டா மாறுதல் அதன்மேல்தான் நடக்கும்.

இரண்டாவது, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரம். பெரும்பாலும் இங்கேதான் கதை முடிகிறது. கருமாதிக்கு வந்த மகளை அடுத்த முகூர்த்த நாளில் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போவார்கள். "உனக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சே, தம்பிக்கு ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா" என்பார் பெரியப்பா. வரதட்சணையாகவோ சீராகவோ கொடுத்தது பங்குக்கு ஈடாகாது. சட்டத்தில் அப்படி ஒரு கழிவே இல்லை. மறுத்தால் தாய்வீட்டு வாசல் அடைபடும் என்ற பயம்தான் கையெழுத்தை வாங்கித் தருகிறது. பத்திரத்தில் பிரதிபலன் என்று ஒரு தொகை எழுதியிருக்கும். அது கையில் வந்ததா என்று எத்தனை பேர் பார்க்கிறார்கள்? பதிவாகிவிட்டால் அதை ரத்து செய்ய, ஏமாற்றம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும்.

கையெழுத்து எப்போது வாங்கினார்கள் என்பதும் முக்கியம். தகப்பன் உயிரோடிருக்கும்போதே, அவருடைய சுயார்ஜிதத்தில் பிற்காலத்தில் வரக்கூடிய பங்கை விட்டுக்கொடுத்ததாக மகளிடம் எழுதி வாங்கியது பொதுவாகச் செல்லாது, ஏனென்றால் வாரிசுரிமை இன்னும் திறக்கவில்லை. உண்மையிலேயே பணம் வாங்கிக்கொண்டு எழுதியிருந்தால் மட்டும் பின்னால் மறுக்க முடியாமல் போகலாம். பூர்வீகச் சொத்தில் நிலைமை வேறு. அங்கே மகளுக்கு இப்போதே உரிமை இருப்பதால் விட்டுக்கொடுத்தால் விட்டதுதான்.

மூன்றாவது, உயிரோடிருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் தான செட்டில்மெண்டும் உயிலும். சுயார்ஜிதத்தைத் தகப்பன் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். 2005-க்குப் பிறகு விவரம் தெரிந்த வீடுகள் போகும் வழி இதுதான். மகனுக்கு செட்டில்மெண்ட், மகளுக்கு ஒன்றுமில்லை, சட்டப்படி சுத்தம். இதை எதிர்க்க வேண்டுமானால் எழுதியவருக்குப் புத்தி சுவாதீனம் இல்லை, மிரட்டி வாங்கினார்கள், அல்லது அந்தச் சொத்து முழுவதும் அவருடையதே இல்லை என்று நிரூபிக்க வேண்டும். மூன்றாவது காரணம்தான் பெரும்பாலும் கைகொடுக்கும். பூர்வீக நிலத்தை விற்ற பணத்தில் வாங்கியது, தாத்தா பெயரில் இருந்த மூலப் பத்திரம் என்று காட்ட முடிந்தால், தகப்பன் தன் பங்குக்கு மேல் எழுதிக்கொடுத்தது நிற்காது.

இதனால்தான் ஆவணம் தேடும்போது இன்றைய பட்டாவோடு நிறுத்தக் கூடாது. வில்லங்கச் சான்று பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். கணினிக்கு முந்தைய வருடங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் எழுதிய அட்டவணை தேடச் சொல்ல வேண்டும். பழைய அடங்கல், அரசின் நிலவரித் திட்ட (செட்டில்மெண்ட்) பதிவேடு, மூலப் பத்திரம், ஏலமானால் நீதிமன்ற விற்பனைச் சான்று ஆகியவற்றை நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். நாம் மேலே பார்த்த வழக்கைத் தூக்கி நிறுத்தியது 1938 ஏலம்.

நான்காவது, காலம். கூட்டுச் சொத்தில் தம்பி உழுது சாப்பிடுவது அக்காவின் அனுபவமும் ஆகும் என்பது பொது விதி. ஆனால் உனக்குப் பங்கே இல்லை என்று அவர் வெளிப்படையாக மறுத்தது தெரிந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருடக் கெடு ஓட ஆரம்பிக்கும். பொங்கலுக்கு மூட்டை நெல் வந்துகொண்டிருந்தது திடீரென்று நின்றது, பட்டா தனிப்பெயருக்கு மாறியது, வக்கீல் நோட்டீசுக்கு மறுப்புப் பதில் வந்தது போன்றவற்றைத் தேதியோடு குறித்து வைக்க வேண்டும். கூட்டு அனுபவத்தில் இருக்கிறோம் என்றால் நீதிமன்றக் கட்டணம் ஒரு சிறு நிலைத்தொகை. வெளியேற்றப்பட்டோம் என்றால் பங்கின் மதிப்பில் 3 சதவீதம். கட்டணத்தை மிச்சம் பிடிக்க வழக்குரையில் ஒன்றைச் சொல்லி, குறுக்கு விசாரணையில் வேறொன்றைச் சொல்லி மாட்டிக்கொள்பவர்கள் அதிகம்.

ஒப்பிட்டுப் பார்த்தால் சமரசமாகப் பிரிப்பதற்குச் செலவு குறைவு. குடும்பத்துக்குள் எழுதும் பாகப்பிரிவினை, விடுதலை, செட்டில்மெண்ட் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 2023 ஜூலை முதல் உச்சவரம்பு 40,000 ரூபாய். மகளுக்கு நிலமாக வேண்டாம், பணமாகப் போதும் என்றால்கூட வழிகாட்டி மதிப்பை வைத்துப் பேசாமல் சந்தை விலையை வைத்துப் பேச வேண்டும். பல ஊர்களில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

பெண் இறந்த பிறகு

மகளுக்குச் சொத்து வந்தபின்னும் சட்டத்தில் சமம் முழுமையாக வரவில்லை. ஆண் உயிலின்றி இறந்தால் அவருடைய சொத்து எங்கிருந்து வந்தது என்று சட்டம் கேட்பதில்லை. பெண் இறந்தால் கேட்கிறது. தாய்வீட்டுச் சொத்து என்றால், பிள்ளை இல்லாதபட்சத்தில், தகப்பன் வழிக்குத் திரும்பும். நம் வழக்கில் நடந்தது அது. அவரே சம்பாதித்தது என்றால் 15(1) பிரிவின்படி பிள்ளைகளும் கணவனும் இல்லாத நிலையில் கணவனின் வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய் தகப்பன் அவர்களுக்கும் பின்னால்தான்.

இது எவ்வளவு கொடுமையாக முடியும் என்பதற்கு 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு போதும். கல்யாணமாகி மூன்று மாதத்தில் கணவன் பாம்பு கடித்து இறந்தார். புகுந்த வீடு பெண்ணை வெளியே அனுப்பியது. பெற்றோர் படிக்கவைத்தார்கள், வேலைக்குப் போனார், சேமித்தார், 1996-இல் உயில் எழுதாமல் இறந்தார். நாற்பது வருடம் எட்டிப்பார்க்காத கணவனின் சகோதரி பிள்ளைகளுக்கே அந்தச் சேமிப்பு போயிற்று. நியாயம் வேறு, சட்டம் வேறு என்று நீதிமன்றம் கைவிரித்தது. இந்தப் பிரிவைத் திருத்தச் சொல்லி அதற்கு முன்பே, 2008-இல், சட்ட ஆணையத்தின் 207-ஆவது அறிக்கை பரிந்துரைத்திருந்தது.

சட்டம் திருந்தும்வரை பிள்ளையில்லாத, தனித்து வாழும், விதவையான பெண்கள் ஓர் உயில் எழுதி வைப்பதே வழி. வெள்ளைத் தாள் போதும். எழுதுபவர் கையெழுத்திட வேண்டும், அதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பயன்பெறுபவரைச் சாட்சியாகப் போடக் கூடாது. பதிவு கட்டாயமில்லை, செய்தால் பின்னால் சண்டை குறையும்.

வழக்கில் ஜெயித்தவர்கள் தவறவிடும் படி ஒன்று இருக்கிறது. பாகப்பிரிவினை வழக்கில் முதலில் வருவது முதனிலைத் தீர்ப்பாணை. ஐந்தில் ஒரு பங்கு உண்டு என்று அது சொல்லும், எந்த ஐந்தில் ஒன்று என்று சொல்லாது. வரப்பு எங்கே, கிணறு யாருக்கு, பாதை எப்படி என்பதற்கு இறுதித் தீர்ப்பாணை கேட்டுத் தனி மனு போட வேண்டும். வக்கீல் ஆணையர் சர்வேயரோடு வந்து அளந்து வரைபடம் தருவார். ரோட்டோர முகப்பைத் தம்பிக்கும் பின்பக்க மேட்டை அக்காவுக்கும் ஒதுக்கும் வேலை நடப்பது இந்தக் கட்டத்தில்தான். ஆட்சேபத்தை ஆணையர் அறிக்கை வந்த உடனே தாக்கல் செய்ய வேண்டும். இறுதித் தீர்ப்பாணை முத்திரைத்தாளில் எழுதப்பட்ட பின் அதைக் கொண்டு உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்க விண்ணப்பிக்கலாம். முதனிலைத் தீர்ப்பாணையைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அதுவரை நிலத்தில் விளைவதை எடுப்பவர் தம்பிதான்.